கேட்டருகே மூன்று பேட்டரி தந்த அக்காவுக்கு

ஜப்பானின் நிசெக்கோ பனிமலையில் தம்பி பனிச்சரிவில் புதைந்து மீண்டது எல்லாருக்கும் தெரியும். தம்பி நல்லபடியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்துவிட்டான். பனியைத் தோண்டியவர்கள், மீட்புப் படையினர், மருத்துவர்கள், தாதியர், விமான டிக்கெட்டை மாற்றித் தந்தவர்கள், அம்மாவுக்குத் தினமும் சோறு கொண்டுவந்த புளோக் அண்டை வீட்டார் அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி.

அக்கா, இந்த மடல் உங்களுக்குத்தான். அன்னுப்புரி உச்சிக்குப் போகும் கேட்டில், யார் எவரென்று தெரியாத எங்களை நிறுத்தி, ஒவ்வொருவருடைய டிரான்ஸ்சீவரையும் (பனியில் புதைந்தால் சிக்னல் அனுப்பும், புதைந்தவரைத் தேடவும் உதவும் கருவி) சோதித்தீர்கள். தம்பியுடையதில் ரீசார்ஜ் பேட்டரி இருந்தது. உடனே கையுறையைக் கழற்றி, உங்கள் பையிலிருந்த மூன்று புது அல்கலைன் ஏஏஏ பேட்டரிகளை நீங்களே போட்டுக் கொடுத்தீர்கள். அந்தக் குளிரில் உங்கள் விரல் நுனி சிவந்துபோனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்டில் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென விழும். அல்கலைனுக்கென அமைத்த கருவி மீதி சார்ஜைத் தப்பாகக் காட்டும் என்றீர்கள். மார்புப் பையில் கருவியை ஒட்டியிருந்த கைப்பேசியையும் எடுக்க வைத்தீர்கள். அனுப்பும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்காவிட்டால் 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் குழம்பும்.

புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடம்தான் பெரிய வாய்ப்பு. அதற்குள் வெளியூர் மீட்புக் குழு வந்து சேராது. கூட வந்தவர்களின் கையும் தெளிவான சிக்னலும்தான் துணை. நீங்கள் தந்த மூன்று பேட்டரியின் விலை அன்று எங்களுக்குத் தெரிந்தது.

இனி வருடாவருடம் நவம்பரில் ஈஸ்ட் கோஸ்ட் மணலில் பயிற்சி செய்யப்போகிறோம். பிளாஸ்டிக் டப்பாவில் டிரான்ஸ்சீவரை வைத்துப் புதைப்போம். கடைசி 3 மீட்டரில் கருவியைத் தரையோடு பிடித்து, திருப்பாமல், சிலுவை போல மெதுவாக நகர்த்தி, கருவி காட்டும் தூரம் மிகச் சிறிய எண்ணாக வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து புரோப் என்னும் நீளக் கம்பியால் சுருளாக 25 செ.மீ.க்கு ஒரு குத்து, சரிவுக்குச் செங்குத்தாக. ஆள் தட்டுப்பட்டால் புரோப் கம்பியைப் பிடுங்கவே கூடாது. ஷவலோடு சரிவின் கீழ்ப்பக்கம், ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று தோண்ட வேண்டும். நேர் மேலே நின்றால் அவருடைய மூச்சுக்கான இடம் அமுங்கிவிடும். மணலில் மலைச்சரிவு ஏது? ஆனாலும் கை பழகும்.

காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கினால் அடியில் இறுகாத அடுக்கு இருக்கிறது, பனி சரிந்து வரலாம் என்று பொருள். 30 பாகைச் சரிவில் அப்படிக் கேட்டால், எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும் திரும்பிவிடுவோம்.

பேர்கூடக் கேட்காமல் விட்டோம் அக்கா. இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். அம்மா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார்.