முனி பத்திரமாக இருக்கிறான், அண்ணா

அண்ணா,

ஒருவழியாக என் போக்கிமான் கோல்டு கேம் கார்ட்ரிட்ஜில் பேட்டரி செல்லை மாற்றிவிட்டேன். கேமுக்குள் கடிகாரம் இரவு பகலாக ஓடுகிறதே, அதற்கும் கேம் சேவ் ஆகியிருப்பதற்கும் சேர்த்து அந்த ஒரே சிஆர்2025 செல்தான். கழற்றினால் எல்லாம் போய்விடும் என்று பயந்தே தள்ளிப்போட்டேன். இப்போது சேவ் ஆன கேமை முதலில் லேப்டாப்பில் காப்பி எடுத்து, புதுச் செல்லை சால்டர் வைத்து, திரும்ப ஏற்றியாகிவிட்டது. நீ பிடித்து வளர்த்த போக்கிமான் முனி இருக்கிறான். உன் பெயர், உன் ஐடி நம்பர் எல்லாம் அப்படியே.

ஒருதரம் ஆத்திரத்தில் அவன் பெயரை மாற்றப் பார்த்தேன். கேமில் வரும் கோல்டன்ராட் ஊரில் பெயர் மாற்றித் தருகிறவர், இது அருமையான பெயர், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அடுத்தவர் பிடித்ததை மாற்ற விடமாட்டார்களாம். கேமில் ஜெயித்து வாங்குகிற பேட்ஜ் போதாத காலத்தில் சண்டைக்கு இறக்கினால் என் பேச்சைக் கேட்காமல் தூங்குவான். உன் வளர்ப்பு!

அந்த மே மாதச் சாயங்காலம். டெல்லி ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ் பால்கனி, நம் இரண்டு கேம்பாயையும் இணைத்துப் போக்கிமானை மாற்றிக்கொள்ள பாலிகா பஜாரில் நீ பேரம் பேசி வாங்கிய கேபிள். கேபிள் குட்டை, இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். ராத்திரியில் மட்டும் வருகிற காஸ்ட்லி என்கிற பேய்ப் போக்கிமானை ஸ்ப்ரவுட் டவரில் கண்விழித்துப் பிடித்து, ஹான்டர் ஆகும்வரை வளர்த்தவன் நீ. கண்ணில் பட்டதும் டெலிபோர்ட் ஆகி ஓடுகிற ஆப்ராவைத் துரத்திப் பிடித்து, கரண்டி என்று பெயர் வைத்து, கையில் ஒற்றை ஸ்பூனோடு கடாப்ரா ஆகும்வரை வளர்த்தவள் நான். இந்த இரண்டும் கைமாறினால்தான் அடுத்த உருவம் எடுக்கும். உன் முனி என் பக்கம் வந்து கெங்கார் ஆனான். என் கரண்டி உன் பக்கம் போய் அலகஸாம் ஆனது. ஒற்றை ஸ்பூன் இரண்டானதும் நீ கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். திருப்பி மாற்றிக்கொள்வதுதான் பாக்கி. கரண்ட் போயிற்று. திரையில் லைட் கிடையாது, ஒன்றும் தெரியவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாய்.

மறுநாள் பெரியவர்களுக்குள் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்களும் படிப்பார்கள். பணத்தைப் பற்றி உன் அப்பா சொன்னதும் என் அப்பா சொன்னதும் இரண்டுமே முழு உண்மை இல்லை, அவ்வளவுதான்.

நான் முனியை வைத்துக்கொண்டது தப்பென்றால் மன்னித்துவிடு. ஆனால் உன் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. பன்னிரண்டு வயதுப் பெண் பஸ் ஏறிக் கரோல்பாக் வரவா முடியும்? நீ வந்திருக்கலாம். உன்னிடம் சைக்கிள் இருந்தது.

இப்போது குடும்ப குரூப்பில் போடுகிறாய், பெரியப்பா வீட்டைக் காலி செய்தோம், பழைய சாமானையெல்லாம் காயலான் கடைக்காரனுக்குப் போட்டோம் என்று. நானும் கைகூப்புகிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டேன். அந்தச் சாமானில் உன் கேம்பாயும் போயிற்றா? கரண்டியும் அதோடா? உனக்கு அது நினைவாவது இருக்கிறதா?

பெரியப்பா காரியத்துக்கு வராதது என் முடிவு இல்லை. அதற்குமேல் கேட்காதே.

கரண்டி இருந்தால் சொல். கேபிள் என்னிடம்தான் இருக்கிறது. இல்லையென்றால் முனியைக் கேட்டு வராதே, தரமாட்டேன். சாப்பிட வா, அம்மா சொல்லச் சொன்னாள். அது தனி.