அம்மிச்சிக்கு உன் குரல் தெரிகிறது

கோபிசெட்டிபாளையம்

அன்பு மகளுக்கு,

என் அம்மா, உன் அம்மிச்சி, உன்னை அடியோடு மறந்துவிட்டாரா என்று கேட்டிருந்தாய். இல்லை என்றே சொல்வேன். வீடியோவில் உன்னைப் பார்த்து "இது எந்த ஊட்டுப் புள்ளை?" என்று கேட்டவர், நீ "அம்மிச்சி" என்று கூப்பிட்டதும் "சாப்ட்டயா கண்ணு?" என்றாரே, அதைக் கவனித்தாயா?

பழகிய ஓர் ஆளைப் பற்றிய நினைவு மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முகத்தைப் பகுத்தறிய மூளையின் அடிப்புறத்தில் ஒரு பகுதி உண்டு. மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷர் குழுவினர் 1997இல் அதை விவரித்தார்கள். குரலுக்கு வேறு பகுதி. இவற்றைப் பெயரோடும் பழகிய நிகழ்வுகளோடும் சேர்த்துக் கட்டுவதில், மூளையின் உட்புறத்தில் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்குண்டு. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களை ஆராய்ந்து, கியான் கிரோகா என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழுவினர் 2005இல் வெளியிட்ட முடிவு, நான் விலங்கியல் நடத்திய காலத்துப் பாடப்புத்தகத்தில் இருந்திருந்தால் வகுப்பே விழித்திருக்கும்: நடிகை ஹாலி பெரியின் வெவ்வேறு படங்களுக்குத் துடித்த ஒரு நரம்பணு, அவர் பெயரை வெறும் எழுத்தில் காட்டியபோதும் துடித்தது. அதற்காக ஆளுக்கு ஒரு நரம்பணு என்று எண்ணிவிடாதே. நரம்பணுக் கூட்டங்கள் சேர்ந்தே ஒருவரை நினைவில் வைக்கின்றன.

அம்மிச்சிக்கு வந்திருக்கும் மறதி நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதன் அக்கம்பக்கத்தையும் முதலில் தாக்கும். அதனால் புதியவை பதிவதில்லை. பல ஆண்டுகளாக மூளையின் மேலடுக்கான புறணியில் ஊறிய பழையவை மெல்லத்தான் கரைகின்றன. முழுப் பரீட்சை லீவுக்கு இரட்டைச் சடையோடு வந்து, திண்ணையில் அவரோடு புளி கொட்டை எடுத்த பிள்ளை அவருக்குள் இருக்கிறாள். முடியைக் கத்தரித்துக் கண்ணாடி போட்ட இந்த முகத்தை அவளோடு முடிச்சுப் போடத்தான் இயலவில்லை என்பது என் ஊகம்.

இன்னொன்றும் உண்டு. மூளைப் பாதிப்பால் முகம் பார்த்து ஆளைச் சொல்ல இயலாத சிலருக்குப் பழகிய முகங்களைக் காட்டியபோது, வாய் "தெரியாது" என்றாலும் தோலின் மின்கடத்தல் மாறியதை 1980களில் பதிவுசெய்திருக்கிறார்கள். வாய் சொல்லாததை உடல் அடையாளம் கண்டதற்கு அது அறிகுறி. ஆகவே அம்மிச்சி பெயர் சொல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்டாதே.

இனி வீடியோவுக்கு முன் வெறும் குரலில் பேசு. "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதே, "அம்மிச்சி, நான் உங்க பேத்தி" என்று நீயே சொல்லிவிடு. உன் சிறுவயதுப் படத்தையும் இப்போதைய படத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு அனுப்பினால் அவர் கட்டிலருகே ஒட்டிவைக்கிறேன். சாயங்காலமானால் அவருக்குத் தடுமாற்றம் கூடுகிறது. இங்கே காலை நேரமாகப் பார்த்துக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா