முழுச் சேதமான காரின் ஆர்.சி. யார் கையில் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலை விபத்துச் செய்திகளுடன் நொறுங்கிய காரின் படம் பெரும்பாலும் வெளியாகிறது. பிறகு அந்தக் காருக்கு என்ன ஆகிறது, அதன் உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்திடம் எதையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பது பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. பழுதுபார்க்கத் தகுதியற்றது என்று காப்பீட்டு நிறுவனமே முடிவுசெய்த காரை, உரிமையாளரின் பெயரிலேயே, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றுடன், முன்பின் தெரியாத ஒருவரிடம் விற்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. இதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமும் மாநிலப் போக்குவரத்துத் துறையும் உடனே கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். பாலிசியில் ஐ.டி.வி., அதாவது காப்பீட்டுக்காகக் காருக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பு, என்று ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருக்கும். காரின் விற்பனை விலையிலிருந்து அதன் வயதுக்கேற்பத் தேய்மானத்தைக் கழித்து இத்தொகை நிர்ணயிக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15 சதவீதம் என்று தொடங்கி, நான்கு ஆண்டுகளைக் கடந்து ஐந்தாம் ஆண்டில் இருக்கும் காருக்கு 50 சதவீதம் வரை கழிக்கப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொண்ட தொகையே ஐ.டி.வி. ஆகும். பழுதுபார்க்கும் செலவு இந்தத் தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கார் முழுச் சேதமடைந்ததாக, அதாவது பேச்சுவழக்கில் 'டோட்டல் லாஸ்' என்று, கருதப்படும். பாலிசி காலம் முழுவதற்கும் ஐ.டி.வி.யே காரின் சந்தை மதிப்பு. விபத்துக்குப் பிறகு மீண்டும் தேய்மானம் கணக்கிட்டு அதைக் குறைக்க இடமில்லை. பிரீமியம் வாங்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்பை இழப்பீடு கொடுக்கும் நேரத்தில் நிறுவனம் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2008ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது.

இதுவரை குழப்பம் இல்லை. ஐ.டி.வி.யிலிருந்து சேதமடைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதே நிறுவனத்தின் பொறுப்பு என்று பாலிசியில் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரியிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. சேதமடைந்த வண்டியின் மதிப்பை யார், எப்படி நிர்ணயிப்பது? இன்றைய நடைமுறையில், வண்டியின் படங்களை இணையத்தில் ஏலத்துக்கு விட்டு, பழைய வண்டி வாங்குபவர்கள் கேட்கும் அதிகபட்ச விலையையே அதன் மதிப்பாக நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஏலத்திலும் இரண்டு விலைகள் உண்டு. ஆர்.சி.யுடன் வண்டி கிடைத்தால் ஒரு விலை, ஆர்.சி. ரத்து செய்யப்பட்ட வண்டியென்றால் அதைவிடக் குறைந்த இன்னொரு விலை. ஆறு லட்சம் ரூபாய் ஐ.டி.வி. உள்ள ஒரு காருக்கு ஆர்.சி.யுடன் இரண்டு லட்சமும், ஆர்.சி. இல்லாமல் ஒரு லட்சத்து இருபதாயிரமும் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் நிறுவனம் நான்கு லட்சம் கொடுத்தால் போதும். இரண்டாவது வழியில் நான்கு லட்சத்து எண்பதாயிரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இழப்பீட்டிலும் கட்டாயக் கழிவாகப் பிடிக்கப்படும் ஆயிரம் அல்லது இரண்டாயிரம் ரூபாயை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. மீதியை வண்டி வாங்குபவர் கொடுப்பதால், உரிமையாளருக்கு இரண்டு வழியிலும் மொத்தத்தில் ஒரே தொகைதான் வந்து சேர்கிறது, நிறுவனத்துக்கோ முதல் வழியில் எண்பதாயிரம் மிச்சமாகிறது. நிறுவனத்தின் பிரதிநிதி முதல் வழியையே வலியுறுத்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த எண்பதாயிரம் ரூபாய் எதற்கான விலை என்பதே என் கேள்வி. இரும்பும் டயரும் கண்ணாடியும் இரண்டு வழியிலும் ஒன்றுதான். கூடுதலாகக் கைமாறுவது பதிவு எண்ணும், காரின் அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண்ணும் கொண்ட ஒரு சான்று மட்டுமே. அதை வாங்குபவர்களில் காரை முறையாகச் சீர்செய்து தம் பெயருக்கு மாற்றி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முழுச் சேதமான காரின் ஆர்.சி.யை வாங்கி, அதே மாடலில் திருடப்பட்ட காரில் அந்த எண்களைப் பொறித்து விற்கும் கும்பல்களை நாட்டின் பல பகுதிகளில் காவல்துறை பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட கார் விபத்து ஏற்படுத்தினாலோ குற்றத்துக்குப் பயன்பட்டாலோ, காவல்துறை முதலில் கதவைத் தட்டுவது பதிவேட்டில் பெயர் உள்ளவரின் வீட்டில்தான். வண்டியை விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

என் மைத்துனரின் கார் உளுந்தூர்பேட்டை அருகே விபத்துக்குள்ளானபோது இதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவர் எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்த நாட்களிலேயே, ஒர்க்‌ஷாப்பிலிருந்து நிறுத்தக் கட்டணம் நாள்தோறும் ஏறுகிறது என்று தொலைபேசி வந்தது. வங்கியின் மாதத் தவணையும் நிற்கவில்லை. ஏல விலை சில நாட்களுக்குத்தான் செல்லும், உடனே கையெழுத்துப் போடுங்கள் என்று காப்பீட்டுத் தரப்பில் நெருக்கினார்கள். வந்த வியாபாரி உரிமை மாற்றப் படிவங்களில் தேதியும் பெயரும் எழுதாமல் கையெழுத்துக் கேட்டார். அவர் மனைவியான என் தங்கை உறுதியாக மறுத்து, ஆர்.சி.யை ரத்து செய்தே தீர்ப்போம் என்று எழுத்தில் கொடுத்த பிறகே நிறுவனம் கணக்கை மாற்றியது. எல்லாக் குடும்பத்திலும் அப்படி நின்று பேச ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 55ஆம் பிரிவு, நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி சேதமடைந்த வாகனத்தைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற அளவு விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. உரிமையாளருக்கு மட்டும் கடமை விதித்துவிட்டு, வண்டி பயன்படாது என்று முடிவெடுத்து அதன் பேரில் கணக்கை முடிக்கும் நிறுவனத்துக்குக் கடமை எதையும் விதிக்காதது பெரிய குறை. உரிமையாளர் வண்டியை வைத்துக்கொள்ள விரும்பாதபோது, நிறுவனமே அதைப் பொறுப்பேற்று, ஆர்.சி. ரத்தான பிறகே விற்க வேண்டும். அல்லது 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். சீர்செய்து ஓட்டத் தக்க வண்டியென்றால், வாங்குபவர் பெயருக்குப் பதிவு மாறிய பிறகே வண்டி ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியேற வேண்டும். முழுச் சேதம் என்று தீர்வு காணப்பட்ட ஒவ்வொரு வண்டியின் விவரத்தையும் நிறுவனம் நாட்டின் வாகனப் பதிவு விவரங்கள் அடங்கிய 'வாகன்' தரவுத்தளத்தில் பதிவுசெய்யக் கட்டாயமாக்கினால், பழைய கார் வாங்கும் நடுத்தரக் குடும்பங்களும் ஏமாற மாட்டார்கள். சென்னை 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்கும் இது பொருந்தும்.

இந்த மாற்றங்கள் வரும்வரை வாசகர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிரீமியம் குறைகிறது என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடும் பாலிசியை ஏற்காதீர்கள். புதிய கார் என்றால், முழுச் சேதத்தின்போது ஐ.டி.வி.க்குப் பதில் வாங்கிய விலையைத் தரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' கூடுதல் காப்பீட்டைப் பற்றிக் கேளுங்கள். ஏனெனில் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் ஐ.டி.வி.யில் சேராது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கை நகலையும், ஏலத்தில் வந்த இரு விலைகளையும் எழுத்தில் பெறுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்திடவே கூடாது. 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சரில் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு எங்கும் போக முடியாது என்று சிலர் சொல்வது சரியல்ல; அதைக் காட்டி வாடிக்கையாளர் நீதி கேட்பதைத் தடுக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை ஓராண்டுக்குள் அணுகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

ஆர்.சி. ரத்து கோரி வரும் விபத்து வண்டி விண்ணப்பங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் தனியாகப் பிரித்து விரைந்து முடிக்க வேண்டும் என்று போக்குவரத்து ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே, வியாபாரியிடம் ஆர்.சி.யைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நிலை பெருமளவு குறையும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.