செயலாளர் ஆண்டறிக்கை: வியாழக்கிழமை வகுப்பும் மத்த விசயங்களும்

நம்ம மனநலச் சங்கத்து உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கமுங்க. பொதுக்குழுவுல இதை வாசிச்சப்ப வந்திருந்தது 17 பேர் தான், வராதவங்களும் படிக்கட்டும்னு எல்லாருக்கும் அனுப்பச் சொன்னாரு தலைவர், அங்க நேரமில்லாம விட்டுப் போனதையும் சேத்து எழுதியிருக்கேன், நீளமாத்தான் இருக்கும், பொறுத்துப் படிங்க.

மொதல்ல வழக்கமான விசயங்க. செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாளுக்கு பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜ்ல பேசுனோம். அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு ஈரோட்டுல ஊர்வலம். காங்கேயத்துல வாத்தியாருங்களுக்கு ஒரு நாள் முகாம். குடும்பத்தோட கொடிவேரி போயிட்டு வந்தோம். புது உறுப்பினர் 5 பேர். மூத்த உறுப்பினர் ஒருத்தர் தவறிட்டாரு, இரங்கல் தீர்மானம் போட்டோம்.

இனி வகுப்பு. பேசிப் பேசியே மனசுக்கு வைத்தியம் பாக்கற சைக்கோதெரபிக்கு ஒரு வகுப்பு ஆரம்பிக்கலாம்னு போன வருசம் நான் சொன்னப்ப, நம்மூர்ல அதுக்கெல்லாம் ஆரு வருவா, ஓ.பி.யில ஒரு ஆளுக்குப் பத்து நிமிசம் குடுக்கறதே பெருசுன்னு சில பேரு சொன்னாங்க. அதை நான் தப்புன்னு சொல்லலைங்க, என் ஓ.பி.யும் அப்படித்தான் ஓடுது. ஆனா மாத்திரையில பாதி சரியாகி மீதி அப்படியே நிக்கறவங்க நம்ம எல்லாருகிட்டயும் இருக்காங்க, மாசா மாசம் வந்து "வெசனமாவே இருக்குதுங்க"ன்னு சொல்றாங்க, அந்த வெசனத்தை டிப்ரஷன்னு சீட்டுல எழுதிட்டு டோஸ் ஏத்தறோம். அந்த ஆளுகிட்ட வாரா வாரம் ஒக்காந்து ஒரு வருசம் பேசறது எப்படின்னு நமக்கு ஆரும் பக்கத்துல இருந்து சொல்லித் தரல. நான் படிச்ச காலத்துல எனக்குக் கெடச்ச சூப்பர்விஷனை, அதான் நம்ம கேஸை ஒரு மூத்தவர் கேட்டுச் சொல்லித் தர்றதை, கைவிரல்ல எண்ணிடலாம். அதுக்காகத்தான் இந்த வகுப்பு.

எப்படி அமைச்சோம்னு கேக்கறவங்களுக்காக. மனசுக்குள்ள மறைஞ்சு கெடக்கறதைப் பேச வெச்சே வெளிய கொண்டு வர்ற வைத்தியம் உளப்பகுப்பாய்வு (சைக்கோஅனாலிசிஸ்). 1920ல பெர்லின்ல ஏழைபாழைங்களுக்கும் அது கெடைக்கணும்னு மாக்ஸ் ஐட்டிங்கன்ங்கற டாக்டர் முன்னால நின்னு ஒரு கிளினிக் தொறந்தாரு, அங்க உருவான பயிற்சி முறை தான் இன்னைக்கும் பெரும்பாலான ஊர்ல அடிப்படை. கத்துக்கறவங்க தாங்களே ஒருத்தர்கிட்டப் போய் அனாலிசிஸ்ல இருக்கணும், தாங்க பாக்கற கேஸை ஒரு மூத்தவர்கிட்டத் தொடர்ந்து காட்டணும், பாடத்தையும் படிக்கணும், மூணும் சேந்தா தான் பயிற்சி. நம்ம நாட்டுலயே 1922ல கல்கத்தாவுல கிரீந்திரசேகர போஸ் சங்கம் ஆரம்பிச்சுட்டாரு, அவரும் நம்மளாட்டம் வைத்தியம் பாத்த டாக்டர் தான், இந்த வைத்தியத்தை உண்டாக்கின ஃப்ராய்டுக்கு லெட்டர் எழுதி, புஸ்தகம் படிச்சு, தானாக் கத்துக்கிட்டவரு. ஒண்ணை மட்டும் வெளிப்படையாச் சொல்லிடறேன், ஏன்னா போனைப் பண்ணினா மொதக் கேள்வியே சர்ட்டிபிகேட் பத்தித்தான் வருது. நம்ம வகுப்பை முடிச்சா நீங்க சைக்கோஅனலிஸ்ட் ஆயிர மாட்டீங்க, அதுக்கு சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஏத்துக்கிட்ட பயிற்சிக்குப் போகோணும், அது பல வருசம், வாரத்துல பல நாள் சொந்த அனாலிசிஸ். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் இதனால கெடைக்காது. ரெண்டு வருசம் வியாழக்கிழமை சாயந்தரம் 6.30ல இருந்து 8.30 வரைக்கும் வந்தாருன்னு ஒரு தாள் குடுப்போம், அவ்வளவுதான்.

சேந்தது 14 பேரு. சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், ஸ்கூல் கவுன்சிலர், ரெண்டு பொது டாக்டர். கோபி, பவானி, திருப்பூர், தாராபுரம், நாமக்கல்னு பல ஊரு.

கேஸைத் தமிழ்ல தான் சொல்லோணும்னு நான் விதி போட்டதுக்கு இன்னமும் முணுமுணுப்பு இருக்குது, அதனால ஏன்னு ஒரு தடவை சொல்லிடறேன். ஜூலையில சைக்காலஜிஸ்ட் ஒருத்தர் ஒரு கேஸை இங்கிலீஷ்ல நாலு பக்கம் டைப் பண்ணிட்டு வந்தாரு. (அடையாளம் தெரியற எல்லாத்தையும் மாத்தித்தான் சொல்றேன்.) அவருகிட்ட வைத்தியத்துக்கு வர்ற ஆளு அன்னிக்கு லேசா எரிச்சலா இருந்தாருன்னு அதுல ஒரே ஒரு வரி. பேப்பரைக் கவுத்தி வெச்சுட்டு, அந்த ஆளு வாயில என்ன வந்துச்சோ அதையே சொல்லுங்கன்னு கேட்டேன். சைக்காலஜிஸ்ட் சித்த நேரம் யோசிச்சாரு. அந்த ஆளு எட்டு மாசமா வர்றாரு, இவரை விட மூத்தவரு, ஆனாலும் "சரிங்க, ஆமாங்க, நீங்க சொன்னாச் சரிதானுங்க" தான். இவரு அடுத்த வாரம் லீவுன்னு சொன்னதும் சுவத்தைப் பாத்துக்கிட்டு "போயிட்டு வா, உனக்கென்ன"ன்னு சொல்லிப்போட்டு, ஒடனே "போயிட்டு வாங்க டாக்டரு"ன்னு மாத்திக்கிட்டாராம். எட்டு மாசத்துல ஒரே ஒரு தடவை அந்த 'ங்க' விழுந்துருச்சு. நாலு பக்க இங்கிலீஷ்ல அது இல்லவே இல்லைங்க, இருக்கவும் முடியாது. அந்த ஆளு வேற ஆரை வா போன்னு பேசுவாருன்னு பின்னால இருந்து ஒருத்தர் கேட்டாங்க. தம்பியைத்தான். பண்ணையத்தை அந்த ஆளு தலையில கட்டிட்டு திருப்பூருக்குப் போன தம்பி. ரூமே கொஞ்ச நேரம் அமைதியா இருந்துச்சு. வீட்டு ஆளுங்க மேல இருக்கற உணர்ச்சியை வைத்தியம் பாக்கறவர் மேல காட்டறதை டிரான்ஸ்ஃபரன்ஸ்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதை அன்னிக்குத்தான் காதுல கேட்டோம். நம்மூர் ஆளுங்க வந்த மொத நாளே நம்மளை அண்ணா, அக்கா, கண்ணுன்னு ஒரு ஒறவுல ஒக்கார வெச்சுடறாங்க, அதையெல்லாம் இங்கிலீஷ்ல தள்ளிப்போட்டுட்டு நாம எதைப் பாக்கப் போறோம்?

கைக்குழந்தையைக் கவனிச்சுப் பாத்தே கத்துக்கற பயிற்சியும் இந்த வருசம் தொடங்கினோம். எஸ்தர் பிக்ங்கற சைக்கோஅனலிஸ்ட் 1948ல லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்ல ஆரம்பிச்சது, கைக்குழந்தை இருக்கற ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், ரெண்டு வருசம் போகோணும். புத்தி சொல்லக்கூடாது, அங்க ஒக்காந்து எழுதக்கூடாது, பாத்துட்டு வந்து வீட்டுல எழுதோணும். நம்மாளுங்க மூணு பேரு போனாங்க. சித்தோட்டுப் பக்கம் ஒரு வீட்டுல நாலு மாசக் குழந்தை, பழைய சேலையில கட்டின தொட்டில்ல கெடக்குது, அம்மா அடுப்படியில, குழந்தை அழ ஆரம்பிக்குது. மூடின கையை வாய்க்குக் கொண்டு போகுது, எட்டல. அப்புறம் கை சேலை ஓரத்துல பட்டு அதைப் புடிச்சுக்குது, அழுகை நிக்குது, சேலையவே பாத்துக்கிட்டுக் கெடக்குது, மறுபடி அழுகுது. "இதுக்கா கண்ணு இத்தனை படிச்சே, சும்மா ஒக்காந்து பாக்கறதுக்கு?"ன்னு அம்மாயி கேட்டாங்களாம். எந்திரிச்சுத் தூக்காம ஒக்காந்திருந்ததுதான் இதுவரைக்கும் படிச்சதுலயே கஷ்டமான பாடம்னு சொன்னாங்க பாக்கப் போனவங்க, வெளிய வந்து பாத்தா பேக் வாரைப் புடிச்சிருந்த கை செவந்து கெடந்துச்சாம். வெசனத்தோட ஒருத்தர் எதுத்தாப்புல ஒக்காந்து அழுகும்போது ஒடனே ஏதாச்சும் சொல்லி அடக்கிடறோமே, அதை நிறுத்தறதுக்கு இதை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல. மூணு பேருல ஒருத்தர் நாலு தடவை போயிட்டு சொல்லாம நின்னுட்டாரு. அந்த வீட்டுக்காரங்க எனக்குப் போன் பண்ணி "நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டமுங்களா"ன்னு கேட்டாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது.

சொந்தத் தெரபியைக் கட்டாயமாக்க முடியல. ஈரோட்டுல ஒரு தெரபிஸ்ட்கிட்டப் போனா அவரு மச்சினரு நமக்கு ஒறம்பரையா இருப்பாரு. கோயமுத்தூர், பெங்களூர்னு ஆறு பேரு போறாங்க. இதே சிக்கல் நோயாளிங்க பக்கமும் இருக்குது, தெரபிக்கு வர்ற பையனோட அப்பா அம்மா தட்டுல வெத்தலை பாக்கோட கிளினிக்குக்கே வந்து கல்யாணப் பத்திரிகை வெச்சா வாங்கறதா வேண்டாமா, மண்டபத்துக்குப் போறதா வேண்டாமான்னு ஒரு முழு வியாழக்கிழமை பேசினோம். புஸ்தகத்துல இதுக்கு விடை இல்ல. எழுந்து நின்னு வாங்கிக்கறது, கல்யாணத்துக்குப் போகாம இருக்கறது, போகாததைப் பத்தி அந்தப் பையன்கிட்ட அடுத்த வாரமே வாயைத் தொறந்து பேசறதுன்னு முடிவு பண்ணினோம். தப்பா சரியான்னு தெரியலைங்க, ஆனா இது நாமளே யோசிச்சுக் கண்டது.

இப்ப மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். நவம்பர்ல ஒரு வியாழக்கிழமை. தாராபுரத்துல இருந்து வர்ற கவுன்சிலர் அம்மணி மூணு வாரமா எழுதின கேஸ். வேலையை முடிச்சுட்டு பஸ் ஏறி வந்திருக்காங்க, மழை, சேலைக் கரை நனைஞ்சு போச்சு. 14 டம்ளர் கழுவிக் கவுத்தி வெச்சிருந்தேன், ஃப்ளாஸ்க் நெறைய டீ. ஏழு மணி வரைக்கும் பாத்தோம். அந்த அம்மணியோட சேத்து நாலு பேரு. வராதவங்கள்ல போன் பண்ணிச் சொன்னது ரெண்டு பேரு, மத்தவங்களுக்கு முகூர்த்தமோ சீரோ என்னவோ, தகவலே இல்ல. அவங்க கொண்டு வந்த கேஸ் என்னன்னா, நல்லா வந்துட்டிருந்த ஒரு பொண்ணு சொல்லாமக் கொள்ளாம வர்றதை நிறுத்திட்டது. கொரலே இல்லாமப் படிச்சாங்க. பாதியில நிறுத்தி, "இன்னிக்கு எல்லாரும் வராததுல எனக்கு அழுகையா வருதுங்க, அந்தப் பொண்ணு வராதப்ப எனக்கு ஒண்ணுமே தோணலைன்னு எழுதியிருக்கேன், அது பொய்"ன்னாங்க. கிளினிக்குல நடக்கறது சூப்பர்விஷன்லயும் அப்படியே திரும்ப நடக்கும்னு அமெரிக்க சைக்கோஅனலிஸ்ட் ஹெரால்ட் சியர்ல்ஸ் 1955லயே எழுதினதை நாம ரெண்டு மாசம் முந்தித்தான் படிச்சோம், அது அன்னிக்குக் கண்ணு முன்னால நடந்துச்சு, பாக்க வேண்டிய பத்துப் பேரு அங்க இல்ல. 8.30க்கு மேல கடைசி பஸ் போயிருமேன்னு கேஸைப் பாதியில நிறுத்தி அவங்களை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தேன்.

டீயும் ஜெராக்ஸும் வீணாப் போச்சுன்னு நான் வருத்தப்படலைங்க. நம்ம வைத்தியத்துல அதே நாள், அதே நேரம், அதே நாற்காலிங்கறது பாதி மருந்து. நோயாளி வராத நாளைப் பத்தி நாம மணிக்கணக்குல பேசறோம், நாம வராத நாளைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஆன்லைன்ல வெச்சுட்டா எல்லாரும் வருவாங்கன்னாங்க, ஜனவரியில அப்படி வெச்சுப் பாத்தோம், பேரு எல்லாம் இருந்துச்சு, மொகம் மூணு தான் தெரிஞ்சுது.

சந்தா விசயம். வருசத்துக்கு 1200 ரூபா, வகுப்புக்குத் தனியா 6000. சந்தா பாதிக்கு மேல வரல, வகுப்புக் கட்டணம் முழுசாக் கட்டினது 5 பேரு. ஃப்ராய்டு 1913ல சிகிச்சையை எப்படித் தொடங்கறதுன்னு எழுதறப்ப, ஒதுக்கின மணி நேரம் நோயாளியோடது, வந்தாலும் வராட்டியும் அதுக்குப் பணம் அவரோடதுன்னு சொல்லுவாரு, இதை நாம செமினார்ல படிச்சப்ப நோயாளிங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு ஆர்வமாக் கேட்டவங்க சில பேரு இன்னும் வகுப்புப் பணம் கட்டல. காசு இல்லாதவங்க சொல்லுங்க, கொறைச்சுக்கலாம், பெர்லின் கிளினிக்லயும் முடிஞ்சவங்க முடிஞ்சதைக் குடுத்தாங்க. சொல்லாம இருக்கறது தான் சங்கடம்.

கணக்கைப் பொறுத்த வரைக்கும் வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியா இருக்குது, பேங்க்ல கொஞ்சம் இருப்பு, வெளியூர் சூப்பர்வைசருக்கு ரெண்டு மாசம் நான் கையில இருந்து போட்டிருக்கேன், அதை எழுதக் கூச்சமாத்தான் இருக்குது, ஆனா கணக்குன்னா வரோணும். விவரம் பொருளாளர்கிட்ட இருக்குது, ஆரு வேணும்னாலும் பாக்கலாம்.

மாடியை வாடகையில்லாமக் குடுத்த உறுப்பினருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவுக்கும், டீ போட்டுக் குடுத்த அக்காவுக்கும், குழந்தையைப் பாக்க வீட்டுக்குள்ள எங்களை விட்ட குடும்பங்களுக்கும் நன்றி.

அடுத்த வருசம். செயலாளர் பதவிக்கு ஆராவது முன்வந்தா சந்தோசமாக் குடுத்தர்றேன், வகுப்பை மட்டும் நிறுத்தாம இருக்கறவங்களா இருக்கோணும். நானே இருக்கோணும்னா, வகுப்புக்கு 14 பேரு வேண்டாம், வருவேன்னு சொல்லி வர்ற 8 பேரு போதும். புதுசா சேர்றவங்களும் இப்பவே சொல்லிடலாம், பொது டாக்டருங்க நெறைய வரோணும்னு எனக்கு ஆசை, 1950கள்ல லண்டன்ல மைக்கேல் பாலின்ட்ங்கற சைக்கோஅனலிஸ்ட் பொது டாக்டருங்களை ஒக்கார வெச்சுத்தான் கேஸ் பேசுனாரு, "மேலெல்லாம் நோவுதுங்க"ன்னு வர்றவங்களை மொதல்ல பாக்கறது அவங்க தான். வர முடியாத வாரம் மத்தியானத்துக்குள்ள ஒரு மெசேஜ் போடுங்க. பாக்கியைப் பொருளாளர்கிட்ட மே மாசத்துக்குள்ள குடுத்துடுங்க.

ஜூன் மொத வியாழக்கிழமை, 6.30, அதே மாடி. தாராபுரத்து அம்மணி அந்தக் கேஸோட மீதியை வாசிக்கறாங்க.

செயலாளர்