நாளுக்கு 19 விநாடி முந்தும் புதுக் கடிகாரம்: நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
ஏலக்காய் வியாபாரி,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உத்தரவாதக் காலத்தில் உள்ள கைக்கடிகாரம் நாளுக்கு 19 விநாடி முந்துவது, 47 நாள் சர்வீஸில் இருந்தும் சரியாகாதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

போன ஓணத்துக்கு முந்தின வாரம் உங்கள் கொச்சி ஷோரூமில் 4,85,000 ரூபாய் கொடுத்து ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள், கடிகாரங்களின் துல்லியத்தைச் சோதிக்கும் சுவிட்சர்லாந்தின் சி.ஓ.எஸ்.சி. அமைப்பு கொடுத்த குரோனோமீட்டர் (துல்லியக் கடிகாரம்) சான்றிதழ் இருந்தது. சராசரியாக நாளுக்கு 4 விநாடி பிந்துவதற்கும் 6 விநாடி முந்துவதற்கும் இடையில் இருந்தால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்று உங்கள் விற்பனையாளர் பொறுமையாக விளக்கினார். விலையை யோசித்துக்கொண்டிருந்த என்னை வாங்க வைத்தது அந்தப் பேச்சுதான்.

முதல் இரண்டரை மாதம் குறையில்லை. தினமும் 3, 4 விநாடி முந்தும். மெக்கானிக்கல் வாட்ச் என்றால் அவ்வளவு இருக்கும், அதைப் பெரிதுபடுத்துகிற ஆள் நானில்லை. கார்த்திகை பிறந்தபின் கணக்கு மாறியது. காலை 6 மணிக்குப் போன் நேரத்தோடு ஒத்துப் பார்த்து, சரக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்: 17, 19, 19, 20, 19. மாதத்துக்கு ஒன்பதரை நிமிடம். இதனால் ஏலத்தில் எனக்கு நஷ்டம் என்று கதை விடப் போவதில்லை. போடியிலும் கேரளத்தின் புத்தடியிலும் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டர் நேரத்தில்தான் நடக்கிறது. ஆனால் காசு கொடுத்தது நான்.

மார்கழியில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். தை முடியும்போது, 47 நாள் கழித்துத் திரும்பி வந்தது. "காந்தம் ஏறியிருந்தது, இறக்கிவிட்டோம், மூடி திறக்கவில்லை" என்று சீட்டில் எழுதியிருந்தது. காந்தம் இறக்குகிற கருவியில் வாட்சை வைத்து எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. மீதி நாளெல்லாம் என்ன நடந்தது என்று தெரியவில்லை. வந்த மறுநாளே 18. அதோடு பின்மூடியின் பள்ளத்துக்குப் பக்கத்தில் அரை அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். வாட்ச் கொடுக்கும்போது அது இல்லை. திறக்காத மூடியில் சாவிக்கருவியின் கீறல் எப்படி வந்தது?

போனில் கேட்டேன். "நார்மலாணு சேட்டா" என்றார் பேசிய பெண். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லச் சொன்னதைச் சொல்கிறார். அடுத்த முறை கிடைத்த பதில்தான் வேடிக்கை: நான் தினமும் மலை ஏறி இறங்குவதுதான் காரணமாம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் என் கடிகாரத்தைக் கெடுக்கின்றன என்றால், ஞாயிற்றுக்கிழமை நான் எங்கும் போகாமல் அலமாரியில் வைத்திருக்கும்போதும் 18 விநாடி முந்துவது ஏன்?

எங்கள் ஊர் வாட்ச் கடைக்காரரிடம் காட்டினேன். முதலில் ஒரு திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தார், முள் அசையவில்லை. காந்தமில்லை. பிறகு முழுச் சாவி கொடுத்து, வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்தார். மணிக்கு 28,800 அடி அடிக்கிற இயந்திரம் இது. முகப்பு மேலே பார்க்க வைத்தபோது நாளுக்கு 9 விநாடி முந்தல், சாவித் திருகு கீழே பார்க்க வைத்தபோது 24. உள்ளே இங்கும் அங்கும் ஆடி நேரத்தை நடத்துகிற பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 215 டிகிரிதான். முழுச் சாவியில் 270-க்கு மேல் நிற்க வேண்டும் என்றார். எண்ணெயா, பேலன்ஸா என்று திறந்தால்தான் தெரியும். "அண்ணே, நான் மூடியைத் தொட்டா உங்க வாரண்டி போயிரும். அவங்களையே திறக்கச் சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காசும் வாங்கவில்லை.

இதையெல்லாம் எழுதி அனுப்பியபோது, கேஸில் பொருத்துவதற்கு முன் வெறும் இயந்திரத்தைச் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அது என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. 15 நாள், ஐந்து நிலை, 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பநிலையில் சோதிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் "குரோனோமீட்டர்" என்று டயலில் அச்சடித்தது எதற்கு? நான் கையில் கட்டுவது வெறும் இயந்திரத்தையா? 8 மில்லிமீட்டர் ஏலக்காய் என்று சொல்லி 7 மில்லியைக் கலந்து அனுப்பிவிட்டு, "செடியில் இருந்தபோது 8 மில்லிதான்" என்று நான் சொன்னால் எந்த வியாபாரி கேட்பார்? சல்லடை போட்டுப் பார்த்துவிட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

என் அப்பா கடைசிவரை எச்.எம்.டி. ஜனதா கட்டியிருந்தார். காலையில் சாவி கொடுப்பார், அவ்வளவுதான். எவ்வளவு முந்துகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. அந்த வாட்சும் தன்னைக் குரோனோமீட்டர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இயந்திரத்தை முழுதாகக் கழற்றிச் சரிசெய்து தாருங்கள், அல்லது மாற்றித் தாருங்கள். சரிசெய்வதற்கு முன்பும் பின்பும், முழுச் சாவியிலும் 24 மணி நேரம் கழித்தும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாள் வேண்டும். மூடி திறக்கப்பட்டிருப்பதாக நான் நினைப்பதால் தண்ணீர் அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். உத்தரவாதத்தில் 47 நாளைக் கூட்டித் தர வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தேனி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

இந்த முறை கூரியரில் அனுப்பப் போவதில்லை. நீங்கள் சொல்லும் நாளில் நானே கொச்சிக்குக் கொண்டு வருகிறேன். என் கண் முன்னால் டைம்கிராஃபரில் வைத்து, வருகிற அளவைச் சீட்டில் எழுதி, கீறலையும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கழற்றிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், உத்தரவாத அட்டை நகல், சர்வீஸ் சீட்டு, பின்மூடியின் புகைப்படம், சரக்கு நோட்டின் கடைசிப் பக்கம்.