மின்சிகரெட் எச்சரிக்கை: சட்டப் பொறுப்பு யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மின்சிகரெட் மீதான 2019ஆம் ஆண்டுத் தடையை நீக்கி, அமெரிக்காவைப் போல எச்சரிக்கை வாசகத்துடன் விற்க அனுமதிக்கலாம் என்று சென்ற இதழ்க் கட்டுரை யோசனை கூறியிருந்தது. அந்த வாசகம் அச்சாகாவிட்டால் யார் பொறுப்பு, அச்சாகிவிட்டால் யாருடைய பொறுப்பு கழிந்துபோகிறது என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

அமெரிக்காவில் 2018 ஆகஸ்ட் முதல், நிகோடின் அடிமைப்படுத்தும் வேதிப்பொருள் என்ற எச்சரிக்கை பெட்டியின் இரு முதன்மைப் பக்கங்களிலும் 30 சதவீத இடத்தைப் பிடிக்க வேண்டும். தயாரிப்பாளரோ உரிமம் பெற்ற இறக்குமதியாளரோ எச்சரிக்கையுடன் அனுப்பிய பெட்டியைத் திருத்தாமல் விற்கும் கடைக்காரர் மீது குற்றம் சாராது. இது நியாயமே. ஆனால் எச்சரிக்கை வாசகம் நிறுவனங்களுக்கே கவசமான கதையும் அந்த நாட்டில்தான் நடந்தது. சிகரெட் பெட்டிக்கான எச்சரிக்கை வாசகத்தை வகுத்த 1969ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்குப் பிந்தைய சிகரெட் விளம்பரங்களில் போதிய எச்சரிக்கை இல்லை என்று மாநிலச் சட்டப்படி இழப்பீடு கேட்க இயலாது என 1992இல், சிகரெட் நிறுவனத்துக்கு எதிரான சிப்போலோன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோசடி போன்ற சில காரணங்களுக்கே வழி விட்டது. இதனால்தானோ என்னவோ, மின்சிகரெட்டையும் பின்னர் தன் வரம்புக்குள் கொண்டுவந்த 2009ஆம் ஆண்டு அமெரிக்கப் புகையிலைச் சட்டம், தயாரிப்பாளர் மீதான இழப்பீட்டு வழக்குகளைத் தான் பாதிக்காது என்று தனிப் பிரிவிலேயே எழுதிவைத்தது.

நம் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமோ, எச்சரிக்கை இல்லாத சிகரெட் பெட்டிக்காக முதல் முறை பிடிபடும் தயாரிப்பாளருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. விற்பவருக்கு ஓராண்டு அல்லது ஆயிரம் ரூபாய். பெருநிறுவனத்துக்கு ஐயாயிரம் ரூபாய் ஒரு பொருட்டா? போதாக்குறைக்கு, பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்குபவரின் கண்ணில் பெட்டியின் 85 சதவீத இடத்தைப் பிடிக்கும் எச்சரிக்கைப் படம் படுவதே இல்லை. பெட்டி கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. பேனா போலச் சட்டைப்பையில் அடங்கி, நண்பர்களிடையே கைமாறும் மின்சிகரெட்டில் இந்த ஓட்டை இன்னும் பெரிது.

இக்கருவிகளில் பெரும்பாலானவை சீனாவில் தயாராகின்றன. அந்தத் தயாரிப்பாளரை நம் நீதிமன்றத்துக்கு வரவழைப்பது எளிதன்று. எனவே தடையை என்றாவது மறுபரிசீலனை செய்வதானால், எச்சரிக்கை கருவியின் உடலிலேயே பொறிக்கப்பட வேண்டும். இறக்குமதியாளரே தயாரிப்பாளராகக் கருதப்பட்டுப் பொறுப்பேற்க வேண்டும். எச்சரித்துவிட்டோம் என்பதை இழப்பீட்டு வழக்கில் எதிர்வாதமாக ஏற்கலாகாது. தடையை நீக்கும் மசோதாவில் இம்மூன்றும் இல்லாதவரை, ஓட்டைகள் இருந்தாலும் இப்போதைய தடையே தொடரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி