ராத்திரி பதினொன்றரை மணிச் சாப்பாடு: மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் பெரிதாக்கி வரிவரியாகப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் வேண்டியபோது எடுத்துப் படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உயரம் 172 செ.மீ., எடை 91 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. மூன்று மாதச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். 6.5 தொட்டால் சர்க்கரை நோய். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது அவருக்கு வயது 38. உனக்கு இப்போது 31. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை ராசா. ஆஸ்பத்திரியில் தொற்றா நோய்ப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் 6.1, 6.2 என்று வந்து, பிறகு நல்லபடியாகக் கீழே இறங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். உன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை எனக்கு முழுசாக இருக்கிறது.

நாளையிலிருந்து சோற்றையே தொடப்போவதில்லை, ஜிம்முக்கு ஒரு வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டப்போகிறேன் என்று சொன்னாய். அவசரப்படாதே. சோற்றை அடியோடு விட்டவர்கள் முதல் மாதம் மளமளவென்று இறங்கிவிட்டுச் சந்தோஷமாக வருவார்கள். அப்புறம் ஒரு கல்யாண வீடு வரும், ஒரு தீபாவளி வரும், பழையபடி ஆகிவிடும். விட்ட எடை திரும்பி வருவதைவிட, "என்னால் ஆகாது" என்று அவர்கள் மனசு விட்டுப்போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அறுபது வயதிலும் செய்யக்கூடியதை மட்டும் இப்போது தொடங்கு. அதுவும் உன் ஷிப்டுக்குள் அடங்குவதாக இருக்கட்டும்.

சென்னையிலேயே நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரைப் பிரித்துக்கொண்டு, ஒரு பிரிவை வழக்கமான அறிவுரையோடு விட்டார்கள். இன்னொரு பிரிவைத் தினமும் நடக்கவும், சாப்பாட்டில் மாவுச்சத்து, சீனி, எண்ணெயைக் குறைக்கவும் வைத்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் பிரிவில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் நீ கவனிக்க வேண்டியது, அந்த 39 வந்த பிரிவில் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது. எடை மெஷின் அசையாத மாதத்திலும் உள்ளே நல்லது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதனால் தினமும் காலையில் மெஷினில் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. வாரம் ஒரு நாள் போதும்.

எடையும் இறங்கினால் இன்னும் நல்லது, அதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உனக்கு 7 சதவீதம் என்றால் ஆறரைக் கிலோ கூட இல்லை. ஆறு மாதத்தில் 85க்கு வா. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 270 கலோரி குறைந்தால் போதும். போகப்போக உடம்பு இலேசாகும்போது அதன் தேவையும் குறைவதால் இறங்கும் வேகம் மட்டுப்படும். அப்போது சோர்ந்துவிடாதே, எல்லோருக்கும் அப்படித்தான்.

அந்த 270 உன் நாளில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பத்து மணிக்கு எழுந்து, டீயும் பன்னும். மதியம் அவசரமாக ஒரு தட்டுச் சோறு. 2 மணிக்கு ஆபீஸ். அங்கே நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. அந்தச் சீனி மட்டுமே 160 கலோரி. ஏழு மணிக்குப் பப்ஸ் அல்லது சமோசா. 11 மணிக்கு வேலை முடிந்து, அறைக்கு வந்து, பதினொன்றரைக்கு மேல் பிரியாணியோ பரோட்டாவோ ஆர்டர் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கை. நாளின் பெரிய சாப்பாட்டை உடம்பு ஓய்வுக்குப் போகும் நேரத்தில் உள்ளே தள்ளுகிறாய். எல்லாவற்றிலும் இது ஒன்றைத்தான் முதலில் மாற்றச் சொல்லுவேன்.

நேரத்தை இப்படி வைத்துக்கொள். பத்தரைக்கு இரண்டு முட்டையோடு இட்லி, அல்லது சுண்டல், பயறு. ஒன்றரைக்கு மதியச் சாப்பாடு. ராத்திரிச் சாப்பாட்டை ஆபீசிலேயே ஏழரைக்கு முடித்துவிடு. சமையல் அக்காவிடம் சொல்லி டிபன்பாக்ஸில் எடுத்துப் போ, கேன்டீனை நம்பாதே. பதினொன்றரைக்குப் பசித்தால் ஒரு டம்ளர் மோர், ஒரு கொய்யா, அல்லது ஒரு அவித்த முட்டை. முதல் பத்து நாள் அந்த நேரத்துக்கு வயிறு கேட்கும், பழகினதால் கேட்பது அது. ஆர்டர் போடும் ஆப்பை போனிலிருந்தே எடுத்துவிடு. டீயில் சீனியை இந்த வாரம் ஒரு ஸ்பூன், அடுத்த மாதம் அரை ஸ்பூன் என்று இறக்கு.

சோற்றுக்கு வருவோம். அன்று வீடியோவில் காட்டினாயே, அந்தத் தட்டில் என் கண்ணளவுக்கு 400 கிராம் சோறு இருந்தது. அதுவே 520 கலோரி. ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். தலைகீழாக மாற்று. தட்டில் முதலில் காயை வை. பீர்க்கங்காய்க் கூட்டோ, அவரைக்காய்ப் பொரியலோ, கீரையோ, எதுவானாலும் பாதித் தட்டு. அப்புறம் பருப்பு, முட்டை, மீன், சுண்டல் இதில் ஒன்று கால் தட்டு. மிச்சமிருக்கும் காலில்தான் சோறு. சாப்பிடும்போதும் காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வா, சர்க்கரை மெதுவாக ஏறும். நம் வீட்டுப் பழக்கப்படி குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்கிறாய் அல்லவா? குழம்புக்கு மட்டும் போட்டுக்கொள். ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடி. ருசி ஒன்றும் போகாது, சோறு பாதியாகிவிடும்.

கம்பு, தினை, வரகு சாப்பிடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சாப்பிடு, நார்ச்சத்து அதிகம். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். தினைச் சோறு என்று பெயர் வைத்துவிட்டுத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் பலன் இல்லை. அந்தக் கால் தட்டு அளவு எதற்கும் பொருந்தும்.

அப்புறம் எண்ணெய். நீங்கள் மூன்று பேர், ஒரு வேளைதான் வீட்டில் சமையல், ஆனால் மாதம் ஐந்து லிட்டர் கேன் தீர்ந்துவிடுகிறது என்று நீயே சொன்னாய். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 27 கிராம் என்று இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஆளுக்கு 900 மில்லிக்குள்தான் வரும். மூன்று பேருக்கு மூன்று வேளைக்கும் சேர்த்தே மூன்று லிட்டர் தேவைப்படாது. "குறைச்சுப் போடுங்கக்கா" என்று வாயால் சொன்னால் அந்த அக்காவுக்குக் கை வராது, பிள்ளைகளுக்கு ருசியாகப் போட வேண்டும் என்ற பாசம் அவருக்கு. கேன் வாங்குவதை நிறுத்து. மாதம் இரண்டு லிட்டர் பாக்கெட் மட்டும் வாங்கி வைத்து, "இதுதான்க்கா இந்த மாசத்துக்கு" என்று அன்பாகச் சொல்லிவிடு. அவரே அளந்து போடுவார். உன் கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது.

நடைக்குத் தனியாக நேரம் தேட வேண்டாம். ஏழரைச் சாப்பாடு முடிந்ததும் உட்காராமல் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே 20 நிமிடம் நட. சாப்பிட்ட உடனே நடந்தால் கால் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சனி, ஞாயிறு விடியற்காலையில் எழச் சொல்லி உன்னை வற்புறுத்த மாட்டேன். சாயங்காலம் திருவான்மியூர் கடற்கரைக்குப் போய் அரை மணி நேரம் நடந்துவிட்டு வா. ஐந்து நாளும் இந்த இரண்டு நாளும் சேர்ந்தால் 160 நிமிடம் ஆகிவிடும். வாரம் இரண்டு நாள் தோப்புக்கரணமும், சுவரில் கை ஊன்றித் தண்டாலும் போடு. எடை குறையும்போது தசையும் சேர்ந்து குறையக் கூடாது, அதற்குத்தான். ஜிம் பிடித்திருந்தால் மாதா மாதம் கட்டிப் போ. ஒன்று மட்டும் ஞாபகம் வை. உன் எடைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 300 கலோரி சுமாருக்குத்தான். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டு, இறங்கிய எடையைக் காப்பாற்றுவதில்தான் நடையின் பலம்.

தூக்கத்தையும் பார். ராத்திரிச் சாப்பாடு முன்னால் போய்விட்டால் ஒரு மணிக்கே படுத்துவிடலாம். தூக்கம் குறைந்த மறுநாள் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும்தான் கண்ணில் படும், உனக்கே தெரியும். பீர் பழக்கம் இருந்தால், அதைப் பற்றி உன்னைக் கடிந்துகொள்ள மாட்டேன், ஆனால் கொழுப்புப் படிந்த கல்லீரலுக்கு அது கூடுதல் பாரம். விட்டுவிடு கண்ணா.

எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் உன் நண்பனைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுப்பார். நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். உனக்கு வேண்டுமா என்பதை ஒரு பொது மருத்துவரிடம் கேட்டு முடிவு செய். யாரோ சொன்னார்கள் என்று ஆன்லைனில் வாங்கிவிடாதே. அப்படிப் போகும்போது தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடு. நடக்கும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரியோ மூச்சு முட்டுகிற மாதிரியோ இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

ஹெச்பிஏ1சியை உடனே மறுபடி பார்க்காதே, மூன்று மாதம் ஆனால்தான் மாற்றம் தெரியும். தீபாவளிக்கு வருவாய் அல்லவா, வரும்போது இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அப்பா உன்னை எண்ணெய்ப் பரோட்டா கடைக்குக் கூட்டிப்போக ஆசைப்படுவார். போய் வா. விருதுநகரில் பிறந்த பிள்ளையிடம் பரோட்டாவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டோடு நிறுத்திக்கொள், அவருக்கு ஒன்றுதான் என்று நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கேட்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் இடுப்பை அளந்து எனக்கு அனுப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபிறகு பார். சமையல் அக்காவின் நம்பரையும் அனுப்பிவை. சுண்டலும் அடைமாவும் எப்படிப் போடுவது என்று நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா